தோல் துண்டால் துடைத்த குப்பி

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் நான் கெமிஸ்ட். சுத்திகரித்த கழிவுநீரைச் சின்ன குவார்ட்ஸ் குப்பியில் ஊற்றி, புற ஊதா ஒளியைச் செலுத்திப் பார்ப்போம். திரையில் 280 நானோமீட்டர் அருகே கோடு மேடாக எழுந்தால், தோல் பதனிடும் மரப்பட்டைச் சாற்றிலுள்ள, பென்சீன் வளையமுள்ள டானின் தண்ணீரில் தங்கிவிட்டதோ என்று சந்தேகப்படுவோம்.

அன்று மேனேஜரே குப்பியைத் துடைத்து மெஷினில் வைத்தார். மேடு எழுந்தது. உடனே சுத்திகரிப்பு ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு, "இன்னாய்யா, தூங்கிக்கினு இருந்தியா?" என்று கத்தினார். தன்னைவிட மூத்த மனிதரை, என் கண்ணெதிரே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் குப்பியைத் துடைத்தது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் துண்டால். டிஷ்யூவை நீட்டினால், "நம்ம தோலவிட மெத்துனு இன்னாம்மா இருக்கு?" என்பார். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

குப்பியைக் கழுவி, வெறும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றினேன். டிஷ்யூவால் துடைத்தேன், கோடு படுத்தே கிடந்தது. அவருடைய ஈரத் தோல் துண்டை வாங்கித் துடைத்தேன். அதே இடத்தில் அதே மேடு.

"இப்ப யாரத் திட்டப் போறீங்க சார்?"

திரையையே பார்த்தார். ஆப்பரேட்டரைப் பார்க்கவேயில்லை. துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மெஷின் ரிப்பேரும்மா. ஆள வரச் சொல்லு."