எங்கள் அப்பா மட்டும் இறங்கவில்லை

என் மகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நூலகத்தில் எடுத்த கதைப் புத்தகத்திலிருந்து இரண்டு மூன்று வாக்கியங்களை வாசிப்பேன். அதே நடையில், தான் பார்த்ததை வைத்து அவள் எழுத வேண்டும். அந்த எழுத்தாளருக்கு ஒரு பழக்கம்: வந்தவர்களைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லிவிட்டு, வராதவரைக் கடைசியில் சொல்வார். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது பிடித்துப்போனது.

பள்ளியில் ‘எங்கள் வீட்டு மாலைப்பொழுது’ என்று கட்டுரை கொடுத்தார்கள். அவள் எழுதினாள்: ‘கம்பெனி பஸ் வந்தது. பக்கத்து வீட்டு மாமா இறங்கினார். எங்கள் அப்பா மட்டும் இறங்கவில்லை. அவருக்கு ஓ.டி.’

தமிழ் மிஸ் என்னை வரச்சொன்னார். வகுப்பறைக்குப் போனபோது மகளும் அவர் பக்கத்தில் நின்றாள். கட்டுரையின் குறுக்கே சிவப்புக் கோடு.

“இது அவ நடையே இல்லைங்க. எங்கேயோ பாத்து எழுதியிருக்கா.”

நடையைப் பார்த்து எழுதச் சொன்னது நான்தான் என்றேன். சொல்லும்போதே பயம் வந்தது. ஒருவேளை தப்போ? யாருடைய நடையையோ பழக்கி, பிள்ளைக்கென்று வரவேண்டியதைக் கெடுக்கிறேனோ? எனக்கும் இருந்த சந்தேகம்தான்.

“இங்க பாதிப் பிள்ளைங்க வீட்டுல பேசறது தெலுங்கும் கன்னடமும். போர்டுல இருக்கறத மனப்பாடம் பண்ணாத்தான் தேறும். இவளும் அதையே எழுதட்டும். இல்லைன்னா மார்க் கிடையாது.”

திரும்பிப் பார்த்தேன். ‘மாலையில் அப்பா எங்களுக்குக் கதை சொல்வார். அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்போம்’ என்று போர்டில் இருந்தது. மேஜையில் கிடந்த நோட்டுகளைப் பார்த்தேன்; வகுப்பு மொத்தமும் அதையே எழுதியிருந்தது. அதுவரை இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“இது மட்டும் பாத்து எழுதறது இல்லைங்களா மிஸ்? எல்லா அப்பாவும் சாயங்காலம் வீட்டுல கதை சொன்னா, ஓசூர்ல ஓவர்டைமும் செகண்ட் ஷிப்டும் யாருங்க பாக்கறாங்க?”

“டீச்சர் நீங்களா, நானாம்மா?”

“நீங்கதாங்க. மார்க் போடாதீங்க, பரவால்ல. ஆனா இவ இத மாத்தி எழுதமாட்டா.”

கேட்டைத் தாண்டுவதற்குள் பயம் திரும்பிவிட்டது. வருஷம் முழுக்க இவள் அந்த வகுப்பில்தானே உட்கார வேண்டும்? திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று நின்றுவிட்டேன்.

மகள் விரலைப் பிடித்து இழுத்தாள். “மிஸ் கத்துனாங்க. நீயும் கத்துன. நான் மட்டும் அழல.”

“வீட்டுக்குப் போனதும் முதல்ல இத எழுது” என்றேன்.