பெருமாளிடம் இருந்த மேல்சக்கரம்

நனைந்த ஆட்டின் வாசனையை யாரும் அத்தர் புட்டியில் அடைத்து விற்பதில்லை. விற்றால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வேன். போன வாரம் மழைக்கு ஒரு டீக்கடை ஓரம் ஒதுங்கினேன். எனக்கு முன்பே அங்கே ஒதுங்கியிருந்த கிடா ஒன்று மூக்கிலிருந்து வால்வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து என் சேலை முழுக்கத் தெளித்தது. கடைக்காரர் அதை அதட்டினார். நான் அதட்டவில்லை. தோலும் புழுக்கையும் ஈரமும் கலந்த அந்த வாசனையில் மஞ்சள் மட்டும்தான் குறைந்தது. மஞ்சளை நானே சேர்த்துக்கொண்டேன். ஜவ்வாது மலை வந்து பக்கத்தில் நின்றுவிட்டது.

என் சித்தப்பாவுக்கு அப்போது இரண்டு ஆசைகள். ஒன்று, சந்தவாசலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த ஒரு பெண். இன்னொன்று, போளூரில் பழைய இரும்புக் கடை ஒன்றின் பின்பக்கம் எருக்கஞ்செடிக்குள் சாய்ந்து கிடந்த, மரம் அறுக்கிற ஒரு வாள் மிஷின். இரண்டில் எது முதலில் வந்தது என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமில்லை. மிஷின் வெள்ளைக்காரன் காலத்தது. ஆள் உயரத்துக்கு மேல், கழுத்து வளைந்து, கொக்கு மாதிரி நிற்கும். மேலே ஒரு பெரிய சக்கரம், கீழே ஒரு பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றி ரிப்பன் போல ஓடும் ரம்பம். நடுவில் இருக்கிற மேசையில் மரத்தை வைத்துத் தள்ளினால் வளைவும் நெளிவும் வெண்ணெயாக அறுபடும். இதெல்லாம் சித்தப்பா சொன்னது. நாங்கள் பார்த்தது, கீழ்ச்சக்கரம் மட்டும் உள்ள, மேலே ஒன்றுமில்லாத, துருப்பிடித்த தலையில்லாக் கொக்கு. மாட்டு வண்டியில் அது எங்கள் வாசலுக்கு வந்து இறங்கிய அன்று அப்பா மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அந்தப் பெண்ணின் அப்பா தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். கதவும் கலப்பையும் வண்டியும் கையாலேயே செய்வார். மிஷினைப் பார்க்க வந்தார். மாடு வாங்க வந்தவர் போல ஒரு சுற்றுச் சுற்றினார். “இது ஒரு பலகைய அறுக்கட்டும். அப்புறம் பொண்ண பத்திப் பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சித்தப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் சிரித்துக்கொண்டு திரிந்தார். வைகாசி பிறந்ததும் தாலுகா ஆபீஸ் மாப்பிள்ளை ஒருவனின் வீட்டார் அதே பெண்ணைப் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா சொன்ன பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. அப்போது சித்திரை பாதி போயிருந்தது.

மேல்சக்கரத்துக்கு எங்கே போவது? வேலூரில் ஒரு வார்ப்படக்காரர் புதிதாக வார்த்துத் தருவதாகச் சொல்லி, கூடவே ஒரு பயத்தையும் வார்த்து அனுப்பினார். சக்கரம் எல்லாப் பக்கமும் ஒரே எடையாக வராவிட்டால் ரம்பம் கழன்று நேராகக் கழுத்துக்கு வருமாம். அதற்குப் பிறகு சித்தப்பா சில நாள் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் போளூர் இரும்புக் கடைக்காரரே வழி சொன்னார். மிஷின் வந்தது மலை மேலிருந்து. ஏதோ ஒரு துரையின் மரக்கிடங்கில் ஓடியது, துரை போன பிறகு சனங்கள் ஆளுக்கொன்றாகக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள், சக்கரமும் மேலேதான் ஏதாவது வீட்டில் இருக்கும்.

சித்தப்பா ஒரு மூங்கிலைப் பிளந்து, கீழ்ச்சக்கரத்தின் மேல் வைத்து வளைத்து, அதே சுற்றளவில் ஒரு வளையம் கட்டினார். அதுதான் அளவு. எந்தச் சக்கரத்தைப் பார்த்தாலும் இதை அதன்மேல் வைத்துப் பார்த்தால் போதும். வளையத்துடன் கூடவே என்னையும் எடுத்துக்கொண்டார். தனியாக ஒரு ஆண் மலை ஊருக்குள் போய் உங்கள் வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், சாராயம் பிடிக்க வந்த மப்டி போலீஸ் என்று நினைத்து ஊரே காட்டுக்குள் போய்விடும். நாலாவது முடித்த, இரட்டைச் சடை போட்ட, பஸ்ஸில் வாந்தி எடுக்கிற ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு எந்தப் போலீசும் வரமாட்டான். நான் அவருடைய நன்னடத்தைச் சான்றிதழ். எனக்கு அது தெரியாது. என்மேல் உள்ள பிரியத்தில் கூட்டிப்போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

மலை எங்களைச் சிரித்துக்கொண்டு வரவேற்றது. மூங்கில் வளையத்தைத் தோளில் மாட்டிய ஒருவரைப் பார்த்து ஒரு ஊரில் கூடை முடைபவர் என்றார்கள். இன்னொரு ஊரில், காவலூரில் வானத்தைப் பார்க்கிற கண்ணாடிக்கு விளிம்பு தேடுகிறார் என்று மரியாதையாக மோர் கொடுத்தார்கள். சித்தப்பா மறுக்காமல் குடித்தார். இரும்புக் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. மிஷின் மலை முழுக்கக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ரம்பத்தை இறுக்குகிற திருகுக் கட்டையின்மேல் ஒரு அம்மாள் புளியை வைத்து நசுக்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அது இல்லாமல் இந்த வருஷப் புளி முடியாது, புளி முடியட்டும், பிறகு எடுத்துப் போ என்றார். சித்தப்பா உட்கார்ந்து புளி நசுக்கினார். நானும் நசுக்கினேன். சாயங்காலம் கட்டை எங்களுடையது, என் பல்லெல்லாம் கூச்சம். மேசையைச் சாய்க்கிற வளைந்த இரும்பு ஒரு கோழிக் கூண்டின்மேல் பாரமாக இருந்தது. அதற்குச் சமமான ஒரு கல்லை ஓடையிலிருந்து சுமந்து வந்து வைத்த பிறகு, கோழிக்கும் சம்மதமா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

சக்கரம் மட்டும் இல்லை. கேட்டால், அப்படி ஒன்று எங்கள் பக்கம் இல்லவே இல்லை என்றார்கள். எல்லா ஊரிலும் ஒரே வார்த்தையில், ஒரே வேகத்தில் சொன்னார்கள்.

கண்டுபிடித்தது நான். நானும் இல்லை, வளையம். சித்தப்பா ஒரு பலாமரத்தடியில் கண்ணை மூடிக்கிடந்தபோது, வளையத்தை எடுத்துக் குச்சியால் தட்டி உருட்டிக்கொண்டு போனேன். சைக்கிள் டயரைவிட நன்றாக ஓடியது. சரிவைப் பார்த்ததும் என்னை மறந்துவிட்டது. கேழ்வரகுத் தாளை மிதித்து, ஒரு நாயைத் தாண்டி, ஓடைப் பக்கம் இறங்கி, பாறைக்கு அடியில் ஓலை வேய்ந்திருந்த ஒரு சின்னக் கோயிலுக்குள் நுழைந்து விழுந்தது. மூச்சு வாங்க நான் போய்ப் பார்த்தால், கல்லாகிய பெருமாளுக்குப் பக்கத்தில், மஞ்சளும் நாமமும் பூசி, சாமந்தி மாலை போட்டு, சாய்த்து வைத்திருந்த இரும்புச் சக்கரத்தின்மேல் என் வளையம் சரியாகப் படிந்து கிடந்தது. ஒரு விரல்கடைகூட மிச்சமில்லை. மஞ்சளுக்குக் கீழே, எங்கள் வீட்டுக் கீழ்ச்சக்கரத்தில் இருந்த அதே இங்கிலீஷ் எழுத்துகள்.

சித்தப்பாவைக் கூப்பிட்டேன். வந்தவர் பெருமாளைக் கும்பிடவில்லை. சக்கரத்தைக் கும்பிட்டார்.

பூசாரி எங்கள் அப்பா வயதுக்காரர். காக்கி டிராயர், கன்னத்தில் அடக்கிய புகையிலை. பூசைக்கு மட்டும் டிராயரின்மேல் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார். சக்கரத்தின் கதையை அவர்தான் சொன்னார். அவருடைய அப்பன் காலத்தில் துரையின் மிஷின் ராத்திரி பகல் என்று கத்திக்கொண்டிருந்ததாம். ஒரு கோடைக்குள் எதிர்ச்சரிவு மொட்டையாகிவிட்டதாம். ஒருநாள் விடிந்து பார்த்தால், சக்கரம் தானாக உருண்டு மேடேறி வந்து பெருமாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாம். அதோடு மிஷின் வாயை மூடியது, துரையும் தேடித் தேடிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான். பெருமாளுக்குச் சக்கரம்தானே வேண்டும், கூப்பிட்டுக்கொண்டார். என் வளையம் இறங்கி ஓடியதை நானே பார்த்திருந்ததால், சக்கரம் மேடேறி வந்ததில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

சித்தப்பா கெஞ்சினார். சாமியுடைய பொருள், சாமியைத்தான் கேட்க வேண்டும் என்றார் பூசாரி. சனிக்கிழமை ஒரு கிடாவைக் கொண்டுவந்து தண்ணீர் தெளிக்க வேண்டும். கிடா உடம்பைச் சிலிர்த்தால் சாமிக்குச் சம்மதம். பெருமாள் சைவம் என்பதால் வெட்டு கிடையாது. சாமி பேரில் மலையிலேயே விட்டுவிட வேண்டும்.

அப்படியாக, சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கறுப்புக் கிடா பஸ் கூரைமேல் மலையேறியது. ஊர் முழுக்கக் கோயில் முன்னால் கூடியிருந்தது. காலையிலிருந்து வெயிலில் இருந்த குடத்தில் மஞ்சளைக் கரைத்துப் பூசாரி தெளித்தார். கிடா நின்றது. மறுபடி தெளித்தார். பத்திரம் பதிய வந்தவர்களைக் காக்க வைக்கிற சப்ரிஜிஸ்தர் மாதிரி கிடா எங்கேயோ பார்த்துக்கொண்டு அசைபோட்டது. சித்திரை வெயிலுக்கு வெதுவெதுப்பாக ஒரு குளியல், அதற்கென்ன கஷ்டம். சித்தப்பா குனிந்து அதன் காதில் ஏதோ சொன்னார். அது அவர் சட்டைக் காலரைத் தின்னப் பார்த்தது.

“சாமிக்கு மனசு இல்ல போலக்கீது” என்றார் புளிக்கார அம்மாள். அவரும் வந்திருந்தார்.

சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வைகாசிக்கு ஒரு வாரம்கூட இல்லை. பூசாரி புகையிலையைத் துப்பிவிட்டு வந்து அவர் எதிரில் குந்தினார்.

“மிஷின் எங்க ஓடப் போவுது தம்பி?”

“கீழ, சந்தவாசல்லதாங்க. எங்க வீட்டுக்குப் பின்னால.”

“இன்னா மரம் அறுப்ப?”

“மாமரம், வேம்பு, வண்டிக்கு வேலமரம். எல்லாம் கொல்லை மரந்தாங்க.”

“மலை மரம்?”

மலை மரத்தைத் தொட்டால் பாரஸ்ட்காரன் தோலை உரித்துவிடுவான், மலை மரம் யாருக்கு வேண்டும் என்று ஆரம்பித்த சித்தப்பா, யாரும் கேட்காததையெல்லாம் கொட்டிவிட்டார். பட்டறைக்காரர் சொன்னது, தாலுகா ஆபீஸ் மாப்பிள்ளை, வைகாசி, எல்லாம். சொல்லச் சொல்லப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“பொண்ணு இன்னா சொல்லுது?” என்று கேட்டார் புளிக்கார அம்மாள்.

சித்தப்பா தரையைப் பார்த்தார். “மிஷினுக்குப் போட வெளக்கெண்ண குடுத்தனுப்பிச்சிங்க.”

ஊரே சிரித்தது. பூசாரி சிரிக்கவில்லை. எழுந்து போய் குடத்து நீரைக் கீழே கொட்டினார். ஆளை அனுப்பாமல் தானே பாறை இடுக்குச் சுனைக்கு இறங்கிப் போனார். வெயிலே தொடாத தண்ணீர் அது, கை வைத்தால் எலும்பு வலிக்கும். குடம் வியர்க்க வியர்க்கக் கொண்டுவந்து, மஞ்சளைக் கரைத்து, இந்த முறை முதுகில் தெளிக்கவில்லை. காதுக்குள் ஒரு கை வார்த்தார்.

கிடா சிலிர்த்தது. மூக்கிலிருந்து வால்வரை. ஊர்மேலும், பெருமாள்மேலும், சித்தப்பாவின் ஒரே வெள்ளைச் சட்டைமேலும் மஞ்சள் மழை. கோவிந்தா என்று எல்லோரும் கும்பிட்டார்கள். பெருமாளுக்குச் சுனைத் தண்ணீர்தான் பிடிக்கும் போலிருக்கிறது, முதலிலேயே அதைக் கொண்டுவந்திருக்கலாமே என்று நான் நினைத்தேன்.

ஒரே ஒரு சங்கடம். சாமி வெறுங்கையோடு நிற்கக் கூடாது. அறுக்கிற முதல் மரத்தில் பெருமாளுக்கு ஒரு மரச்சக்கரம் செய்து அனுப்ப வேண்டும், அதுவரைக்கும் மூங்கில் வளையம் இருக்கட்டும் என்றார் பூசாரி. கல்யாணம் யாருக்கோ, நஷ்டம் எனக்கு. என் வளையத்துக்கு மஞ்சள் பூசி மாலை போட்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் அந்த மாலையைத் தின்றது, இனிமேல் யாரும் கை ஓங்க முடியாத எங்கள் கறுப்புக் கிடா.

மிஷின் ஓடியது. முதல் பலகை பெருமாளுக்குப் போனது, இரண்டாவது பலகை மாமனாருக்கு. சித்தி இன்றைக்கும் அதற்கு விளக்கெண்ணெய்தான் போடச் சொல்கிறார். தொலைந்துபோன சக்கரத்தை மலையெல்லாம் தேடிக் கண்டுபிடித்த கதையைச் சித்தப்பா கல்யாண வீடுதோறும் சொல்வார். தொலைந்துபோன என்கிற இடத்தில் நான் சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொள்வேன்.

ஏனென்றால், பஸ் ஏறுகிற இடத்துக்குச் சக்கரத்தை நாலு பேர் கம்பில் கட்டித் தூக்கி வந்தபோது, பூசாரி மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. உள்ளே அந்தச் சக்கரத்தின் நட்டு, வாஷர், அச்சில் அடிக்கிற ஆப்பு. ஒன்றிலும் சுத்தியல் பட்ட காயம் இல்லை. துரு ஏறாதபடி எண்ணெய் பூசி, அப்பனிடமிருந்து மகன் கைக்கு வந்திருந்தது. சித்தப்பா அதைப் பார்த்துக் குதித்தார். தானாக உருண்டு வந்த சக்கரம் நட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டா வந்தது என்று கேட்க எனக்கும் அப்போது தோன்றவில்லை. வளையம் போன துக்கத்தில் இருந்தேன்.

பஸ் உறுமியது. பூசாரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூரைமேல் கட்டியிருந்த சக்கரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அவ்வளவு கனமான சக்கரம் இன்னொரு தரம் தனியாக மேடேறி வருமே, பாவம், என்று வழியெல்லாம் நான் கவலைப்பட்டுக்கொண்டே இறங்கினேன். அவர் சொன்னது இதுதான்:

“கீழவே ஓட்டிக்கோ தம்பி. மேல கொண்டாந்தீன்னா, சாமி திரும்பக் கூப்ட்டுக்கும்.”