எண்ணெய் ஆறட்டும் என்று சொன்னவன்

பொய் சொன்னது கம்ப்யூட்டர் இல்லை. நான்தான்!

அப்பாடா... இந்த ஒரு வரியை எழுதியதுமே மூச்சு தாராளமாக வருகிறது. மீதியையும் கேளுங்கள்.

1991. வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையில், ரப்பர் வளையம் செய்யும் சிறிய கம்பெனி. எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் பிரஸ்ஸில் நான் ஆபரேட்டர். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. புது ஆள் பேசினால் தரையைப் பார்ப்பேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிரஸ்ஸை நிறுத்தியதும் எண்ணெய்க் குழாயைக் கழற்ற மாட்டோம். டீ குடித்துவிட்டு வந்துதான் ஸ்பேனரைத் தொடுவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

வசந்தி கேட்டாள். மெஷினுக்கு விளக்கப் புத்தகம் தயாரிக்கக் கம்ப்யூட்டரோடு வந்த பெண். ஒவ்வொரு வேலையையும் அதன் காரணத்தையும் தனித்தனியாக உள்ளே போடுவாள். எது முன்னால், எது பின்னால், எப்போது செய்ய வேண்டும், எப்போது வேண்டாம் என்று கம்ப்யூட்டரே பிரித்து அடுக்கிப் பக்கம் பக்கமாக எழுதிவிடும்.

"சார், ஏன் காத்திருக்கணும்? காரணம் இல்லன்னா இதுக்கு எழுத வராது."

சார்! என்னை அதுவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"எண்ணெய் ஆறணும்மா..."

அவ்வளவுதான் நான் சொன்னது. அதிலிருந்து அந்தப் பெட்டி என்ன எழுதியது தெரியுமா? 'காலையில் எண்ணெய் குளிர்ந்திருக்கும். அப்போது காத்திருக்கத் தேவையில்லை.' என் பொய்க்கு எவ்வளவு ஒழுங்கான முடிவு!

புத்தகம் வந்த மறுநாள் காலை, பிரஸ்ஸைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து நிறுத்திய கையோடு, என்னோடு வேலை செய்த டில்லி ஸ்பேனரை எடுத்தான்.

"இன்னாண்ணே பாத்துகினு கீற? கம்ப்யூட்டரே சொல்லிடுச்சி, இனிமே டீ டைம் கட்!"

நான் தடுத்தேனா? இல்லை... அச்சில் பார்த்ததும் என் பொய்யை நானே நம்பிவிட்டேன்!

குழாயின் மூட்டு தளர்ந்ததும் அது பாம்பாய்ச் சீறி அவன் தோளில் அறைந்தது. நிறுத்திய பின்னும் குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருக்குமாம். அது இறங்கத்தான் அந்த டீ நேரம். ஒரு சாண் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். பிழைத்தான்... அந்த நிம்மதியில் அழுதேன்.

மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். வசந்தி என்னைக் காட்டி, "சார் சொன்னதைத்தான் போட்டேன்" என்றாள்.

"இன்னாய்யா, நீ சொன்னியா?"

"இல்லீங்க..."

அன்று சாயங்காலமே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். போகும்போது அவள் என்னைத் திட்டவில்லை. பார்த்தாள்... அவ்வளவுதான்.

இத்தனை காலம் மறைத்ததைப் போன வாரம் டில்லியிடம் சொல்லிவிட்டேன். சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டிச் சிரித்தான்.

"இத்தப் போயா மனசுல வெச்சிகினு இருந்த? நான் நல்லாத்தானே கீறேன்!"

எவ்வளவு ஆறுதல்! வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். பொய் சொல்லவில்லை.

ஆனால் அன்று பேசி முடித்து எழுந்து போகும்போது டில்லி ஒன்று கேட்டிருந்தான்: "ஆமா, அந்தப் பொண்ணாண்ட சொன்னியாண்ணே?"

அவள் எந்த ஊர் என்றுகூட நான் விசாரித்து வைக்கவில்லை.