பாதிப் பொட்டு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடுங்கள். கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொண்டு வாசியுங்கள். எழுதத் தெரியாதவன் வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். வாயால் சொல்வது எனக்கு இதைவிடக் கஷ்டம்.

கண்ணை மூடினால் ஒரு வெள்ளைக் காரின் பானட் தெரிகிறது. அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நீல டேப் ஒட்டியிருக்கிறது. டேப்புக்கு இரண்டு பக்கமும் குங்குமப் பொட்டுகள். தெருவில் போனவர்கள் பூஜை போட்ட வண்டி என்று நினைத்துக்கொண்டு போனார்கள். அது பூஜை இல்லை. என் வேலை இருக்குமா போகுமா என்பதை அந்த டேப்தான் அன்றைக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டை ஒட்டி ஒரு வாட்டர் சர்வீஸ் ஷெட்டில் வேலை செய்கிறேன். கார் கழுவுவது, பாலிஷ் போடுவது, உள்ளே சீட்டுச் சுத்தம் செய்வது, எல்லாம்தான். முதலாளி நல்ல மனிதர், கோபக்காரர். கோபம் வந்தால் ‘நாளையிலிருந்து வராதே’ என்பார். அதைச் சொன்னால் செய்தும் காட்டுவார். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரை அப்படித்தான் அனுப்பினார்.

அங்கே வாடிக்கையாக வண்டி விடுகிறவர்களில் ஒருவரை நர்ஸக்கா என்று கூப்பிடுவோம். டவுனில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. தலைமுறை தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். இவர் மட்டும் நர்ஸ் வேலைக்குப் படித்தவர். காலாப்பட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. கடலோர ரோட்டிலேயே போய் வருகிற வண்டி என்பதால் கதவு விளிம்பெல்லாம் உப்புப் பூத்து நிற்கும். வண்டியை விட்டுவிட்டுப் போகமாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது அப்படிப் பார்த்தால் எனக்குக் கை ஓடாது. அவர் பார்த்தால் ஓடும். குறை கண்டுபிடிக்கப் பார்க்கிற பார்வை இல்லை அது.

ஒருமுறை முதலாளி செல்போனில் ஏதோ ஒரு பாலிஷைப் பற்றி வீடியோ காட்டினார். ஒருவன் விளக்கு வெளிச்சத்தில் கறுப்புக் காரைத் தடவிக் காட்டி, ‘வேற லெவல்’ என்று கத்திக்கொண்டிருந்தான். நர்ஸக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம் மொதலாளி, போட்ட அன்னைக்கி எந்த மருந்துதான் பளபளன்னு இருக்காது? அடுத்த மாசம் அவன் வண்டிய யாரு போய்ப் பாக்குறது?”

“ஆயிரம் பேரு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கான்க்கா.”

“ஆயிரம் பேரும் வண்டிய எங்க நிறுத்துறான்னு எழுதியிருக்கானா?”

முதலாளி செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு நர்ஸக்கா தன் ஆஸ்பத்திரி வழக்கம் ஒன்றைச் சொன்னார். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தவர் வரும்போது, கட்டில் கட்டிலாக நின்று ஒப்படைக்க வேண்டுமாம். இவர் யார், எந்த நிலைமையில் வந்தார், என்ன கொடுத்தோம், கொடுத்த பிறகு என்ன ஆனது, இன்னும் என்ன தெரியவில்லை. இந்த ஐந்தையும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். ‘நல்லா இருக்காரு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சீனியர் நர்ஸ் திட்டுவாராம். “கடைசியா ஒண்ணு சொன்னேன் பாருங்க, தெரியலைங்கிறது, அதத்தான் யாரும் சொல்லமாட்டாங்க” என்றார். அவர் அதை எங்களுக்குப் பாடம் நடத்துவது போலச் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்த அலுப்பில், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். எனக்கு என்னவோ அது மனதில் தங்கிவிட்டது.

அந்த வருஷம் முதலாளி ஒரு புது லிக்விட்டுக்கு ஏஜென்சி எடுத்தார். பெயிண்ட் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் போடுமாம். ஷெட் வாசலில் ‘எந்தக் கறையும் ஒட்டாது’ என்று போர்டு மாட்டினார். முதல் வண்டியாக நர்ஸக்காவின் வண்டியைக் கேட்டு வாங்கினார். அவருக்கும் உப்புக்காற்றுக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஊருக்குப் போகிறேன், லீவு முடிந்து எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டுப் போனார். புதுத் துணி எடுத்து, நிழலில் வைத்து, நான்தான் லிக்விட்டைப் போட்டு முடித்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் ஷெட்டில் அன்றைக்குத் தண்ணீர் அடிக்கும் மோட்டார், கம்ப்ரசர், வாளி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். வந்து நிற்கிற வண்டிகளையும் முதலாளி விடமாட்டார். யார் வண்டியாக இருந்தாலும் ‘நம்ம எடத்துல நிக்குதில்ல’ என்று பானட்டில் ஒரு பெரிய பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார். நர்ஸக்காவின் வண்டிக்கும் வைத்தார். அன்பாகத்தான் வைத்தார். கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டோம். வெளியே நின்ற வண்டி மேல் லீவுக்கு நடுவில் ஒரு தூறல், பிறகு சுள்ளென்று வெயில்.

லீவு முடிந்து திறந்தபோது வெள்ளைப் பானட்டின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு கறை. ஷாம்பு போட்டுப் பார்த்தேன். போகவில்லை. முதலாளி போர்டைப் பார்த்தார், கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“யோவ், அந்தம்மா வந்தா நீ பழைய துணில போட்டுட்டேன்னு சொல்லிடு. சரியாக் காய விடலன்னு சொல்லு. லிக்விட் பேரு கெட்டா என் பொழப்பே போச்சு.”

நான் வாளியை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனேன். நான் பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

நர்ஸக்கா வந்தார். கறையைப் பார்த்தார். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. முஸ்லிம் வீட்டு வண்டிக்குப் பொட்டு வைத்தது தப்போ என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது போல. நர்ஸக்கா அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. “ஆயுதத்துக்குத்தான வச்சீங்க. எனக்கு வேலைக்குப் போற ஆயுதம் இதுதான், வச்சது சரிதான்” என்று சிரித்தார். “துணில ஏதோ தப்பு நடந்துபோச்சுக்கா” என்று முதலாளி ஆரம்பித்தார். நர்ஸக்கா என் பக்கம் திரும்பி, “தம்பி, எந்தத் துணில போட்டீங்க?” என்றார்.

முதலாளி என் பின்னால் நின்றார். வீட்டில் இருக்கிறவர்கள் முகமெல்லாம் வந்து போனது. ஆனாலும் அந்தத் துணியை நான் கவர் பிரித்து எடுத்தது கண்ணில் நின்றது.

“துணி புதுசுக்கா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

“அப்ப என் லிக்விட் தப்புங்கிறியா? நாளையிலேருந்து வராத” என்று முதலாளி கத்தினார்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் நர்ஸக்கா. “டேப் இருக்கா?”

அன்றைக்கு அவர் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. கறையின் நடுவிலேயே போகும்படி டேப்பை ஒட்டச் சொன்னார். ஒரு பாதியில் என்னைக் காம்பவுண்டு, அதாவது பெயிண்டைத் தேய்த்து எடுக்கிற பசை, போட்டுத் தேய்க்கச் சொன்னார். லிக்விட்டும் போனது, அந்தப் பக்கத்துக் கறையும் போனது. பெயிண்ட் வெறுமையாக நின்றது. இன்னொரு பாதியில் முதலாளியையே தன் கையால் லிக்விட்டைத் திரும்பப் போடச் சொன்னார். “இப்ப யாரு கையின்னு சண்ட வராதுல்ல?” என்றார். நன்றாகக் காய்ந்த பிறகு, இரண்டு பக்கமும் மேலே ஒன்று கீழே ஒன்றாகக் குங்குமப் பொட்டு வைக்கச் சொன்னார். மேலே இருப்பதைச் சாயங்காலமே கழுவ வேண்டும். கீழே இருப்பதைச் சில நாள் வெயிலில் விட்டுவிட வேண்டும். வண்டியை எங்களிடமே விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனார்.

அந்த நாட்களில் நான் வேலைக்குப் போனேனே தவிர, முதலாளி என்னிடம் பேசவில்லை. நானும் அவரும் மாறி மாறிப் பானட்டைப் போய்ப் பார்த்தோம். சாயங்காலம் கழுவியதில், லிக்விட் போட்ட பக்கம் பொட்டு தடமில்லாமல் போனது. வெறும் பக்கத்தில் லேசாக நிறம் நின்றது. முதலாளி என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். ஆனால் வெயிலில் விட்ட பொட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடித்துக்கொண்டது. அவரே போட்ட பக்கத்திலும் பிடித்துக்கொண்டது. தண்ணீரை மாற்றி, துணியை மாற்றித் துடைத்துப் பார்த்தார். பிறகு வெகுநேரம் வாசலில் நின்று போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸக்கா வந்ததும் முதலாளியே சொன்னார்: “லிக்விட்டும் தப்பில்ல, இவன் கையும் தப்பில்ல. போர்டுதான் தப்பு.”

“பொட்டு வச்ச கையி?” என்றார் நர்ஸக்கா.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து, “போய் டீ சொல்லுய்யா” என்றார். வேலை நிலைத்தது என்று அதில் தெரிந்துகொண்டேன்.

நர்ஸக்கா அன்றைக்கே நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் ரெவ்யூ எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்கு மனப்பாடம் இல்லை, ஆனால் ஏறக்குறைய இப்படி இருந்தது: வெள்ளை வண்டி, வாசலில் வெயிலில் நிற்கிறது, தினமும் கடலோரமாக ஓடுகிறது, போர்வெல் தண்ணீரில் கழுவுகிறேன். மழைத்தண்ணீர் நன்றாக வழிகிறது. குங்குமம் வைத்தால் அன்றைக்கே கழுவிவிடுங்கள், விட்டால் இதுவும் காப்பாற்றாது. போட்டவர் சுத்தமாகப் போட்டார். உப்புக்காற்றுக்கு எப்படி என்று இன்னும் தெரியவில்லை, மழைக்காலம் முடிந்து சொல்கிறேன். பழைய கறையைப் பல வருஷம் விட்டால் தேய்த்து எடுக்க முடியுமா என்பதும் தெரியவில்லை.

சோதனைப் பொட்டுகளை எல்லாம் தேய்த்து எடுத்தேன். அந்தப் பழைய கறையின் மிச்சப் பாதியை மட்டும் தொடாதே என்றார். வெள்ளையில் ஒரு பாதிப் பொட்டு, பிறை மாதிரி நின்றது. “கெடக்கட்டும் தம்பி. எழுதிட்டேன்ல, பாக்கணும்ல” என்றார். சொன்னபடியே மழை முடிந்து உப்பைப் பற்றியும் எழுதினார். கதவு விளிம்பில் லிக்விட் சீக்கிரமே போய்விட்டது என்று எழுதினார். முதலாளிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அதன் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் வந்து, “எங்க வண்டி வீட்டுக்குள்ளதான் நிக்கும், கடல் பக்கமே போவாது, அப்ப எனக்கு இது செட் ஆகும்ல?” என்று கேட்டுப் போட்டுக்கொண்டு போனார். டாக்சி ஓட்டும் இன்னொருவர், “நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பொட்டு வைக்கிறவன், எனக்கு வேணாம்” என்று திரும்பினார். இரண்டு பேரும் படித்தது ஒரே ரெவ்யூ. ஒருவர் வாங்கினார், ஒருவர் வாங்கவில்லை, இரண்டு பேருக்கும் நன்மை. வாங்காமல் போன டாக்சிக்காரர் இன்றுவரை எங்களிடம்தான் வண்டி கழுவுகிறார். முதலாளி போர்டை இறக்கிவிட்டு, ‘குங்குமம் வைத்தால் அன்றே கழுவவும்’ என்று எழுதி மாட்டினார். எல்லாருக்கும் நல்லது என்று ஒரு பொருளைச் சொல்லிவிட்டால், அது யாருக்கு என்று யாருக்குமே தெரியாமல் போய்விடுகிறது. இது எனக்குப் புரிய இவ்வளவு வருஷம் ஆனது.

நர்ஸக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பிரான்சில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். வண்டியை விற்றுவிட்டார். அவருடைய பழைய நம்பர் இப்போது போவதில்லை.

இந்த வாரம் ஒரு பையன், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் போல, வெள்ளை வண்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டான். “செகண்ட்ஸ்ல வாங்குனேன்ணே. இந்தக் கறைய மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க” என்று பானட்டைக் காட்டினான். ஒரு பக்கம் நேராக வெட்டின மாதிரி, பாதிப் பொட்டு. கொஞ்சம் வெளுத்திருந்தது. செல்போனை நீட்டி, “எடுத்துட்டு இத வாங்கிப் போடலாமா? அஞ்சு ஸ்டார்ணே” என்றான்.

“வண்டி எங்க நிக்கும் தம்பி?” என்று கேட்டேன். அடுத்தடுத்து இன்னும் கேட்டேன். எந்தத் தண்ணீர், எந்த ரோடு, வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பீர்களா. முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “என்னாய்யா, இவ்ளோ பேசுற?” என்றார்.

வெயில் இறங்கிய பிறகு, கறையைச் சுற்றி நீல டேப்பை ஒட்டினேன். காம்பவுண்டு வைத்து, மெஷினை மெதுவாக விட்டேன்.

நர்ஸக்கா, நீங்கள் தெரியவில்லை என்று எழுதியதற்கு இப்போது பதில் தெரிந்துவிட்டது. வெள்ளை வண்டி, வெயிலிலேயே நின்றது, பல வருஷக் கறை. தேய்த்ததில் வந்துவிட்டது. நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. தலையைச் சாய்த்து, சாயங்கால வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் ஒரு பிறை லேசாகத் தெரிகிறது. அது போகுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ரெட்டியார்பாளையம்,
புரட்டாசி மாதம், ஆயுத பூஜைக்கு முந்தின வியாழக்கிழமை.