புளியில் ஊறிய சவரக்கத்தி

கஜலட்சுமிக்குக் கண்டியிலேயே தாய்வீடு இருக்கிறது, போகத்தான் முடியாது. மடுல்கெல்லத் தோட்டத்தில் முடிவெட்டிய அழகமுத்துவின் மகன் மோகனராஜைக் கட்டிக்கொண்ட அன்றே அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். நல்லது கெட்டதுக்கு அழைப்பில்லை. ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கக்கூட அண்ணன்மார் யாரும் இந்தப் படி ஏறியதில்லை. கிடக்கட்டும், கட்டியவன் வீட்டையே தன் வீடாக்கிக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை வருஷமும் மாடாய் உழைத்தாள்.

பாரிசவாதத்தில் படுத்துவிட்ட மாமனாருக்கு இப்போது ஒரே பிடிவாதம். தீபாவளிக்குத் தன் பழைய சவரக்கத்தியால்தான் முகம் வழிக்க வேண்டுமாம். அது அவருடைய அப்பா கொடுத்த கத்தி. மாநகரசபையில் பேனா பிடிக்கும் மோகனராஜுக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும்? கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவை எடுத்தான். கல்லில் தீட்டினான், தோல் பட்டியில் இழுத்து இழுத்துப் பதம் பார்த்தான். வேலைவிட்டு வந்தால் மனுஷனுக்கு அந்தக் கத்திதான் பெண்டாட்டி. ஒருவழியாகக் கைமுடியை வழிக்கிற அளவுக்குக் கூர் வந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் கஜலட்சுமி சாமிவிளக்குகளைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டாள். கத்திப் பிடியிலிருந்த பித்தளை ஆணிகள் கறுத்துக் கிடந்தது கண்ணில் பட்டது. கத்தியையும் எடுத்து அதே சட்டியில் போட்டாள். இரும்புக்குப் புளி ஆகாது என்பது அந்த நேரம் அவள் புத்திக்கு எட்டவில்லை. எடுத்துப் பார்த்தபோது பித்தளை பளபளத்தது, அலகு கறுத்து விளிம்பெல்லாம் அரித்துப்போயிருந்தது.

மோகனராஜ் வந்து பார்த்தான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ஒன் ஆளுங்களுக்கு எங்க சாமானுன்னா எளக்காரம்தானே. அந்தப் புத்தி ஒனக்கும் போகல" என்றான்.

அடப்பாவி மனுஷா!

"எளக்காரமா நெனச்சிருந்தா சாமிவெளக்கோட சேத்துப் போட்டிருப்பனாங்க?"

உள்ளே கட்டிலிலிருந்து மாமனாரின் குரல்தான் வந்தது: "வேணுமின்னுதான்டா செஞ்சிருக்கும். விடு."

மறுநாள் காலை, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ரேசரால் மோகனராஜ் அப்பாவுக்கு முகம் வழித்தான். கஜலட்சுமி வெந்நீர்ச் செம்பை நீட்டினாள். கிழவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

"அங்க வச்சிட்டுப் போகச் சொல்லுடா" என்றார் மகனிடம்.