ஆளு கொள்ளாம்

சும்மா கார் அனுப்புகிறவர்களை நான் நம்புவதில்லை. கேரள எல்லையோரம் மீனாட்சிபுரத்தில் எங்கள் வாசலுக்கே கார் அனுப்புவதாக டிவிக்காரர்கள் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. கோயம்புத்தூருக்கு அழைத்துப்போய், பேச வைத்து, சாப்பாடும் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்களாம். எதற்கு? என் பேச்சை என் வீட்டுக்காரரே உட்கார்ந்து கேட்பதில்லை.

காரணம் ஒரு வீடியோ. எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துச் சேச்சிக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு இருக்கிறது. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை என்று மோட்டார் போடுவோம். கோடையில் முறை தப்பினால் சண்டை வரும். நான் தமிழில் திட்டுவேன், அவர் மலையாளத்தில் திட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை விடாமல் புரியும். யார் மோட்டார் போடுவது என்று முடிவானதும் மாட்டைப் பார்க்கப் போய்விடுவோம். அதைப் பால் சொசைட்டிக்குப் போகிற யாரோ போனில் பிடித்து அனுப்பி, அது ஊரெல்லாம் சுற்றி, ஒரு தமிழ்ச் சேனலின் கண்ணில் பட்டுவிட்டது. ‘எல்லையில் தண்ணீர்ப் போர்’ என்று பெயர் வைத்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

பெயரைக் கேட்டதுமே வேண்டாம் என்றேன். சேச்சிதான் கேட்கவில்லை, போயே ஆகவேண்டும் என்றார். “போகாம்டீ. நல்ல சாரி உடுத்து எத்ர நாளாயி!”

காரில் நான் அவரிடம் ஒப்பந்தம் பேசினேன். “மூட்டி உடறதுக்குத்தான் கூப்புடறாங்க சேச்சி. என்ன கேட்டாலும் நீங்க என்னைய நல்லபடியாச் சொல்லோணும். நானும் உங்களைச் சொல்லிப்போடறேன்.”

“நான் நுண பறயில்ல” என்றார். பொய் சொல்ல மாட்டாராம். பொள்ளாச்சி தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டுடியோவில் எங்களை எதிரும் புதிருமாக உட்கார வைத்தார்கள். முகத்தில் பவுடர் அப்பினார்கள். எனக்குத்தான் கூடுதலாக அப்பியதாகப் பட்டது. நடுவில் மேஜை, மேஜைமேல் ஒரே ஒரு தம்ளர் தண்ணீர். தண்ணீர்ச் சண்டைக்காரிகள் இரண்டு பேருக்கு ஒரு தம்ளர்! சூழ்ச்சி எனக்குப் புரிந்துவிட்டது. எடுத்து அண்ணாந்து பாதி குடித்தேன். மீதியைக் கேமராவைப் பார்த்துக்கொண்டே சேச்சியிடம் நீட்டினேன். அவரும் குடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அது தொகுப்பாளர் தம்பி தனக்காக வைத்திருந்த தண்ணீர் என்பது அவர் இருமத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

இருமி முடித்ததும் அவர் என்னிடம் திரும்பினார். “உங்க தண்ணிய அவங்க திருடறதாச் சொல்றாங்களே?”

“யாருங்க சொல்றாங்க?”

“பொதுவா சொல்றாங்க.”

“பொதுவுங்கறவரு எந்த ஊருங்க?”

சேச்சி சத்தமாகச் சிரித்துவிட்டார். தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. எப்படிச் சுற்றி வந்தாலும் நாங்கள் சண்டை போடவில்லை. கடைசியில் அலுத்துப்போய், “சரி, உங்க பக்கத்துத் தோட்டத்துக்காரங்களைப் பத்தி ஒரு வரி சொல்லுங்க” என்று சேச்சியிடம் கேட்டார்.

சேச்சி என்னை, மாடு வாங்க வந்தவர் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஆளு கொள்ளாம்.”

ஆள் நல்ல ஆள்தான் என்று அர்த்தம். நான் எங்கள் தோட்டத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து சேச்சி என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பொய் சொல்லாத மனுஷி வேறு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “அவங்களும் கொள்ளாமுங்க” என்றேன். அது தமிழ் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பக்கம் வாய்க்கு வந்ததுதான் பாஷை.

இரண்டொரு நாளில் விளம்பரம் ஓட ஆரம்பித்தது. மத்தளச் சத்தம், சிவப்பு வெளிச்சம். சேச்சி என்னை மேலும் கீழும் பார்க்கிறார். கீழே பெரிய எழுத்தில்: ‘ஆளைக் கொல்லலாம்!’ அடுத்து கண்ணெல்லாம் சிவந்து நான். கீழே: ‘அவங்களையும் கொல்லலாம்!’

என் வாழ்நாளில் சேச்சி என்னைப் பாராட்டியது ஒரே ஒரு தரம். அதையும் கொலை மிரட்டலாக்கி ஒளிபரப்பிவிட்டார்கள்.

சேனலுக்குப் போன் போட்டுக் கத்தினேன். எழுத்துப் போட்ட பெண்ணிடமே கொடுத்தார்கள். “எனக்கு அப்படித்தான் கேட்டுச்சும்மா, எனக்கு மலையாளம் தெரியாது” என்று அழப் பார்த்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சதிகாரனைப் பிடிக்கப் போனால் ஒரு பச்சைப் பிள்ளையின் காதுக் கோளாறு. பாவம் என்று போனை வைக்கப் போனேன். அதற்குள் அதன் மேலதிகாரி வாங்கிப் பேசினார். “கண்டிப்பா மாத்திடறோம்மா. ஆனா இது நல்லாப் போயிட்டிருக்கு. அடுத்த வாரம் மாத்தறோம்.” என் சந்தேகம் வீண்போகவில்லை.

ஆனால் அதற்குள் பொள்ளாச்சியிலிருந்து என் தம்பி வந்து இறங்கிவிட்டான். “டிவியிலயே கொல்றேங்கறா. அவகூட ஒரே கெணத்துல தண்ணி எடுப்பியாக்கா?”

“நானுந்தான்டா கொல்றேன்னு போட்டிருக்குது.”

“நீ சொல்றது வேற.”

சேச்சி சொன்னதன் அர்த்தத்தை விளக்கினேன். நான் அவளுக்காகச் சமாளிக்கிறேனாம். கிணற்றுப் பங்கை விட்டுவிட்டு, நடுவில் சுவர் வைத்து, எங்களுக்குத் தனியாகப் போர் போட்டுவிடலாம் என்று அவன் சொல்ல, முறை பார்க்கிற தொல்லை விட்டது என்று என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். டிவிக்காரர்கள் சொன்ன தண்ணீர்ப் போர் கடைசியில் இந்தப் போராக வந்து நின்றது. எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. கிணறு போனால் சேச்சி எனக்கு யார்? வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். சேச்சிக்கும் யாரோ அந்த எழுத்தைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முறை வந்தும் கிணற்றுப் பக்கம் வரவில்லை.

மறுமுறை தம்பி, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிற ஆளோடு வந்தான். “இன்னைக்கு அவங்க முறை, கெணத்தோரம் போகாதடா” என்று சொல்லியும் கேட்காமல் போனான். பின்னாலேயே ஓடினேன். வேலியோரம் சேச்சி நின்றிருந்தார்.

“சேச்சி, டிவியில என்னையப் பத்திச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்க. எந்தம்பி காதுல உழுகட்டும்.”

சேச்சி தம்பியைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வேண்டா. ரெண்டாமது பறஞ்ஞா போலீஸ் வரும்.”

சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குள் போனார். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. தீவனப்புல்லுக்குள் பாய்ந்து, தம்பியின் செருப்பை நனைத்துக்கொண்டு போனது.

அவன் காலைத் தூக்கிக்கொண்டு கேட்டான். “இன்னைக்கு அவங்க முறைன்னயேக்கா?”

“ஆமாண்டா. அவங்க முறைதான்.”

தம்பி செருப்பைக் கழற்றி உதறினான். பிறகு தேங்காய்க்காரரை வண்டியில் ஏறச் சொன்னான்.