காலையில் போட்ட டிக்

தி.நகர் மருத்துவமனை ஒன்றின் வீடியோ ஆலோசனைப் பிரிவில் நான் நர்ஸ். நோயாளி தனியாக இருக்கிறாரா என்று கேட்ட பிறகுதான் திரையில் அதற்கான கட்டத்தில் டிக் போட வேண்டும். நேரம் மிச்சமாகட்டும் என்று, காலையிலேயே எல்லோருக்கும் சேர்த்து நான் டிக் போட்டுவிடுவேன்.

அன்று சிந்தாதிரிப்பேட்டை செல்வி அக்காவின் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டு முறை கரு கலைந்தவர். இப்போது மீண்டும் கர்ப்பம்! குதிக்காத குறையாக அவரை அழைத்தேன்.

“அக்கா, சந்தோஷமான சேதி! நீங்க...”

அவர் சட்டென்று உதட்டில் விரல் வைத்து, போனை மெல்லத் திருப்பிக் காட்டினார். தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு தெருவே நின்றிருந்தது.

“இன்னா சார், எங்களுக்கும் சொல்லேன்!” என்றது ஒரு குரல்.

“சுகர் இல்லியாம்கா” என்று சிரித்துச் சமாளித்த செல்வி அக்கா, ஆற்றோரம் வரை நடந்துபோய்த் தனியாக நின்றார். “இப்ப சொல்லு தம்பி.”

சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார். “ரெண்டு தபாவும் தெருவுக்கே தெரிஞ்சி, அப்பால ஆளாளுக்கு வந்து துக்கம் விசாரிச்சாங்க. இந்த வாட்டி என் வூட்டுக்காரருக்கு நான்தான் மொதல்ல சொல்லணும்.”

இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவருடைய சேதியை நான் தெருவுக்குக் கொடுத்திருப்பேன்!

அன்றே மேற்பார்வையாளரிடம் என் தவறைச் சொல்லி, மீதி டிக்குகளை எல்லாம் எடுத்தேன். இப்போது என் முதல் கேள்வி, “பக்கத்துல யாராவது இருக்காங்களா?” என்பதுதான்.

நானும் அதுபோன்ற தெருவில் வளர்ந்தவன்; எங்கள் வீட்டில் ஒரே அறைதான். குடும்பத்தில் முதலில் படித்த என் பரீட்சை முடிவைக்கூடத் தெருவே கூடி நின்றுதான் பார்த்தது. எனக்குத் தெரியாதா, எங்கள் தெருக்களில் யாரும் தனியாக இருப்பதில்லை என்று?